துனி மேசையிலிருந்து போக்கர் மேசைக்கு: புதியவர் துணிந்து பந்தயம் கட்டும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்த தமிழர்களில் பெரும்பாலோருக்குச் சீட்டாட்டம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது துனிதான். சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் மெரிபேங்கிலும் சனிக்கிழமை இரவுகளில் கார் நிறுத்தும் கொட்டகையில் மேசையைப் போட்டு, இருவர் ஓர் அணியாகவும் எதிரே இருவர் மற்றோர் அணியாகவும் அமர்ந்து ஆடும் அந்த ஆட்டத்தின் பெயர் ‘தண்ணி’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது என்னவோ ‘துணி’ என்று ஏவுவதாகவே காதில் விழும். அண்மைக் காலமாக அதே கொட்டகைகளில் டெக்ஸஸ் ஹோல்டம் என்னும் போக்கர் வகையும் இடம்பிடித்திருக்கிறது. துனியில் பழுத்த கைகள்கூட அங்கே முதல் ஆறு மாதம் மெல்ல மெல்லப் பணத்தை இழப்பதை நான் பார்த்திருக்கிறேன்; நானும் அப்படித்தான் இழந்தேன்.

காரணம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. துனியில் ‘கால்’ என்றால் ஏலம் கேட்பது. பத்து, இருபது என்று ஏற்றிச் சொல்லித் துருப்பை வைக்கும் உரிமையைப் பறித்துக்கொள்வது. போக்கரிலோ ‘கால்’ என்றால் அடுத்தவர் கட்டிய பந்தயத்துக்குச் சமமாக நாமும் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. ஒன்று துணிவு, மற்றொன்று பின்தொடர்தல். துனி ஆடிப் பழகியவர் ‘கால்’ என்று சொல்லும்போது தாம் தைரியமாக ஏதோ செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அந்த மேசையில் இருப்பதிலேயே வலுக்குறைந்த செயலைத்தான் அவர் செய்கிறார். மேலும் துனியில் கைக்கு வந்த ஆறு சீட்டையும் ஆடித் தீர்க்க வேண்டும், எதிரே கூட்டாளி ஒருவர் தாங்கிப் பிடிப்பார். போக்கரில் கூட்டாளி கிடையாது. ஆனால் பிடிக்காத சீட்டை எந்த நேரத்திலும் கவிழ்த்துவிட்டு, அதாவது ஃபோல்ட் செய்துவிட்டு, விலகிக்கொள்ளலாம். விலகுவதை மானக்கேடாகக் கருதுகிறவருக்குப் போக்கர் விலை உயர்ந்த பொழுதுபோக்காகவே இருக்கும்.

போக்கரில் கைகளின் தரவரிசை தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி வழங்கப்படும். பிறகு நடுவில் மூன்று சீட்டு ஒன்றாகத் திறக்கப்படும், அது ஃப்ளாப். நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். சீட்டு வழங்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைகள் சின்ன பிளைண்டும் பெரிய பிளைண்டும் ஆகும். நடுவில் குவியும் பணத்தை இனி நடுப்பணம் என்றே சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் பிளைண்டுகள் 1 ராண்டும் 2 ராண்டும் என்று கொள்க.

முதலில் செய்ய வேண்டியது சீட்டைத் தொடுவதல்ல, பணத்தைப் பிரித்து வைப்பது. பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு, அதாவது இந்த மேசையில் 200 ராண்டு, ஒருவர் கொண்டு அமர வேண்டிய சரியான தொகை. அந்த 200 ராண்டு வீட்டுச் செலவிலிருந்தோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்தோ வந்ததாக இருந்தால் அன்றைக்கு ஆட வேண்டாம். இழக்க அஞ்சும் பணத்தை வைத்துக்கொண்டு எவராலும் துணிந்து பந்தயம் கட்ட முடியாது, எதிரே இருப்பவர்களும் அந்த அச்சத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள். துணிந்து ஆடுபவருக்கு ஏற்ற இறக்கம் மற்றவரைவிட அதிகமாக இருக்கும் என்பதால், ஒரே இரவில் இரண்டு முறை 200 ராண்டு கரைந்தால் எழுந்துவிட வேண்டும் என்ற வரம்பை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 18 வயது நிரம்பாதவர் சூதாடக் கூடாது. 2004ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி உரிமம் பெறாத இணையவழிச் சூதாட்டம் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதை முறைப்படுத்த 2008இல் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை. ஆகவே கைபேசியில் போக்கர் தளம் திறக்கிறதே என்று பணத்தைப் போட வேண்டாம். ஜெயித்த தொகையை அரசு பறிமுதல் செய்ய அச்சட்டத்தில் இடமுண்டு. ஆட்டத்தை நிறுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டதாக நீங்களோ வீட்டாரோ உணர்ந்தால், 0800 006 008 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசியப் பொறுப்புச் சூதாட்டத் திட்டத்தினர் உதவுகிறார்கள்.

அடுத்து, பந்தயம் கட்டுவது ஏன் பின்தொடர்வதைவிட மேலானது என்பதைக் கணக்காகப் புரிந்துகொள்ள வேண்டும். பின்தொடர்பவர் ஜெயிக்க ஒரே வழி, கடைசியில் சீட்டைத் திறக்கும்போது சிறந்த கையை வைத்திருப்பதுதான். பந்தயம் கட்டுபவருக்கு இரண்டு வழிகள் உண்டு: சிறந்த கையாலும் ஜெயிக்கலாம், மற்றவர்கள் கவிழ்த்துவிட்டுப் போவதாலும் ஜெயிக்கலாம். இரண்டாவது வழி எத்தனை அடிக்கடி திறக்கிறது என்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை. ஜோடியில்லாத இரண்டு சீட்டை வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் குறைந்தது ஒரு ஜோடியாவது சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 32 விழுக்காடுதான். அதாவது மூன்றில் இரண்டு முறை அவருக்கு ஒன்றும் சேர்ந்திருக்காது. அவரும் உங்களைப் போலவே முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுப்பணம் 30 ராண்டு, நீங்கள் 15 ராண்டு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை இப்படிக் கட்டி ஒரே ஒரு முறை எதிரி விலகினால் 30 ராண்டு வருகிறது. மற்ற இரு முறையும் தோற்றால் 15, 15 என்று 30 ராண்டு போகிறது. ஆக, நடுப்பணத்தில் பாதியைக் கட்டும் பந்தயம் மூன்றுக்கு ஒரு முறை பலித்தாலே கையைக் கடிக்காது, அதற்கு மேல் பலிப்பதெல்லாம் லாபம். எதிரி விலகாவிட்டாலும் உங்கள் சீட்டு இன்னும் சேரலாம் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

இதைப் படித்ததும் எல்லாச் சீட்டையும் ஏற்றி, அதாவது இருப்பதைவிடப் பெரிய தொகையைக் கட்டி, ஆடத் தோன்றும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். துணிந்து ஆடுவது என்பது சில கைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, தேர்ந்த கைகளை முழு வேகத்தோடு ஆடுவது. 52 சீட்டிலிருந்து இரண்டு சீட்டு வரும் விதங்கள் மொத்தம் 1326. மேசையில் முதலில் பேச வேண்டிய இடங்களில் அமர்ந்திருக்கும்போது எட்டு ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணி, ஒரே இனத்தில் ஏஸ்–ஜாக்கி, ஒரே இனத்தில் ராஜா–ராணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவை 82 விதங்கள். சராசரியாகப் பதினாறு கைகளுக்கு ஒன்றுதான் ஆடக் கிடைக்கும். மற்ற பதினைந்து கைகளில் காபி குடிக்கலாம், எதிரிகளைக் கவனிக்கலாம்.

துனிக்காரர்களுக்கு இந்த இடத்தில் தனியாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. துனியில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல், அதற்கு 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20 புள்ளி. பிறகுதான் 11 புள்ளியோடு ஏஸும் 10 புள்ளியோடு பத்தும் வரும். ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று கடைசி இடம். ஐம்பது ஆண்டுகளாக அந்த வரிசையைக் கண்ணில் பதித்தவருக்கு ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் நெஞ்சு தானாக நிமிரும். என் பெரியப்பா ஒருவர் முதல் முறை ஹோல்டம் ஆடியபோது இனம் மாறிய ஜாக்கி–ஒன்பதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேருடைய ஏற்றத்தையும் விடாமல் பின்தொடர்ந்தார், ஏனென்று கேட்டதற்கு, “இவ்வளவு அழகான சீட்டை எப்படிக் கீழே வைக்கிறது, தம்பி?” என்றார். போக்கரில் அது நடுத்தரக் கை. கடைசி இடத்தில் அமர்ந்து, முன்னால் எவரும் ஏற்றாதபோது மட்டுமே எடுத்து ஆடத் தக்கது. ராஜா–ராணியை இகழ்ந்து ஒதுக்கும் பழக்கத்தையும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

இடம் என்று சொன்னேன். சீட்டு வழங்குபவரைக் குறிக்கும் டீலர் பட்டன் யார் முன்னால் இருக்கிறதோ, அவர் ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுகிறார். மற்ற எல்லாரும் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி அவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே பட்டனிலும் அதற்கு வலப்புற இருக்கையிலும் இருக்கும்போது கைகளைத் தாராளமாக்கலாம்: எல்லா ஜோடிகளும், ஒரே இனத்தில் ஏஸோடு எதுவும், பத்துக்கு மேற்பட்ட இரண்டு சீட்டுகளும், ஒரே இனத்தில் அடுத்தடுத்த எண்களும் ஆடத் தக்கவை. பிளைண்டு வைத்த இடத்தில் இருக்கும்போது, ஏற்கெனவே பணம் போட்டுவிட்டோமே என்ற ஆதங்கத்தில் பின்தொடர வேண்டாம். போட்ட பணம் இனி உங்களுடையதல்ல.

ஆட முடிவெடுத்த கையை ஏற்றியே தொடங்க வேண்டும். முன்னால் எவரும் பணம் போடாத நிலையில் வெறும் 2 ராண்டைப் போட்டு நுழைவதை அறவே நிறுத்துங்கள். புதியவர் செய்யக்கூடிய மாற்றங்களில் இதுவே பெரியது என்பது என் கருத்து. ஏற்றத்தின் அளவு பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு, அதாவது 6 ராண்டு. உங்களுக்கு முன்னால் வெறும் 2 ராண்டோடு நுழைந்தவர்கள் இருந்தால் ஆளுக்கு 2 ராண்டு கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாரும் எதற்கும் ஒத்துப்போகும் நம் கொட்டகை மேசைகளில் 8 அல்லது 10 ராண்டுகூடப் பொருந்தும். முக்கியமானது, ஏஸ் ஜோடிக்கும் ஒரே இனத்து எட்டு–ஒன்பதுக்கும் ஒரே அளவில் ஏற்றுவது. நல்ல கைக்கு 12, சுமாரான கைக்கு 5 என்று மாற்றி மாற்றிக் கட்டினால், இரண்டாம் மணி நேரத்துக்குள் உங்கள் சீட்டைத் திறந்து வைத்து ஆடுவதற்குச் சமம்.

கட்டும் விதத்திலும் ஒழுங்கு வேண்டும். முதலில் “ரைஸ்” என்று தெளிவாகச் சொல்லி, தொகையையும் சொல்லி, பிறகு பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லுகளை ஒரே தடவையில் முன்னே வையுங்கள். வீட்டு மேசையில் பொறுத்துக்கொள்வார்கள். சூதாட்ட விடுதியிலோ எதுவும் சொல்லாமல் பெரிய மதிப்புள்ள ஒற்றைச் சில்லை எறிந்தால் அது ஏற்றமாகாது, பின்தொடர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் வைத்து, முகத்தைப் பார்த்து, மீண்டும் கொஞ்சம் வைப்பதும் அங்கே செல்லாது. கை நடுங்கினால் கவலை வேண்டாம். பெரும்பாலும் நல்ல சீட்டு வந்தவருடைய கைதான் நடுங்கும் என்று பழகியவர்கள் நினைப்பதால் அது உங்களுக்கு நன்மையாகவே முடியும்.

ஃப்ளாப் திறந்த பிறகு, முன்பு ஏற்றியவர் தொடர்ந்து பந்தயம் கட்டுவதா என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. எத்தனை பேர் எதிரே இருக்கிறார்கள்? நடுச்சீட்டுகள் எவ்வளவு காய்ந்திருக்கின்றன, அதாவது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றன? ராஜா, ஏழு, இரண்டு என்று மூன்று வெவ்வேறு இனங்களில் விழுந்து எதிரே ஒரே ஆள் இருந்தால், உங்களுக்கு ஒன்றும் சேராவிட்டாலும் நடுப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கட்டலாம். முன்பு ஏற்றியவரிடம் ராஜா இருக்கும் என்று அவர் நம்புவது இயல்பு. பத்து, ஒன்பது, எட்டு என்று விழுந்து அதில் இரண்டு ஒரே இனமாகவும் இருந்தால் எதிரிக்கு ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும்; கட்டாமல் “செக்” சொல்லுங்கள். ஆள் எண்ணிக்கை எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு கணக்கு: ஒவ்வொருவரும் தனித்தனியே 60 விழுக்காடு நேரம் விலகுவார்கள் என்றால், இருவருமே விலகும் வாய்ப்பு 36 விழுக்காடு, மூவரும் விலகும் வாய்ப்பு 22க்கும் குறைவு. மூன்று பேரை நோக்கி வெறுங்கையோடு பந்தயம் கட்டுவது துணிவு அல்ல, நன்கொடை.

நல்ல கையில் பயம் வேறு உருவத்தில் வருகிறது. ராஜா ஜோடி கையிலிருக்க, ஃப்ளாப்பில் மூன்றாவது ராஜா விழுந்துவிட்டால், புதியவர் மூச்சை அடக்கிக்கொண்டு “செக்” சொல்கிறார். கட்டினால் எல்லாரும் ஓடிவிடுவார்களே என்ற கவலை. கணக்கைப் பாருங்கள். நடுப்பணம் 20 ராண்டு. மூன்று சுற்றிலும் நடுப்பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் 14, 32, 75 என்று கட்டி, எதிரியும் தொடர்ந்து வந்தால் கடைசியில் நடுவில் 262 ராண்டு இருக்கும். முதல் சுற்றை மட்டும் சும்மா விட்டுவிட்டு மற்ற இரண்டு சுற்றில் 14, 32 என்று கட்டினால் 112 ராண்டோடு நின்றுவிடும். ஒரே ஒரு “செக்” 150 ராண்டு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. நம் மேசைகளில் ஆடுபவர்கள் எதையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களிடம் பொய்ப் பந்தயம், அதாவது நல்ல கை இல்லாமலே இருப்பதுபோல், கட்டுவது வீண், மெய்யான கைக்குப் பெரிதாகக் கட்டுவதே சரி. துணிந்து ஆடுவதில் முக்கால் பங்கு இதுதான் என்பேன். பொய்ப் பந்தயத்தின் கவர்ச்சி மிகைப்படுத்தப்பட்ட ஒன்று.

பாதிப் பொய் என்று ஒரு வகை உண்டு: இன்னும் சேராத, ஆனால் சேரக்கூடிய கையை வைத்துப் பந்தயம் கட்டுவது. அதைக் கற்றுக்கொள்வது பயன் தரும். உங்களிடம் இஸ்பேட்டில் ஏஸும் பத்தும் இருக்க, நடுவில் இஸ்பேட் ஏழு, இஸ்பேட் இரண்டு, ஆட்டின் ராஜா விழுகின்றன. இன்னும் ஓர் இஸ்பேட் விழுந்தால் ஐந்து ஒரே இனமாகிவிடும். சீட்டுக்கட்டில் மீதமுள்ள இஸ்பேட் ஒன்பது. அடுத்த சீட்டில் அது விழ 19 விழுக்காடு, கடைசி இரண்டு சீட்டுக்குள் விழ 35 விழுக்காடு வாய்ப்பு. இப்படி உங்கள் கையைச் சேர்க்கக்கூடிய, மீதமுள்ள சீட்டுகளின் எண்ணிக்கையை, இரண்டு சீட்டு பாக்கி இருந்தால் நான்காலும், ஒரு சீட்டு பாக்கி இருந்தால் இரண்டாலும் பெருக்கினால் ஏறத்தாழ விழுக்காடு கிடைத்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நீங்கள் பின்தொடர்ந்தால் 35 விழுக்காட்டை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். நீங்களே கட்டினால் எதிரி விலகும் வாய்ப்பும் அதனோடு சேர்கிறது.

உங்கள் பந்தயத்துக்கு மேல் எதிரி ஏற்றினால் என்ன செய்வது? அதுவரை பின்தொடர்ந்துகொண்டே இருந்த அமைதியான மனிதர் டர்னிலோ ரிவரிலோ திடீரென்று ஏற்றினால் அவரை நம்புங்கள். சின்னத் தொகை மேசைகளில் அந்த ஏற்றம் பெரும்பாலும் உண்மை. ஒற்றை ஜோடியைப் பிடித்துக்கொண்டு மானத்துக்காக எதிர்த்து நிற்க வேண்டாம். ஒருவேளை பின்தொடர்வதா என்று யோசிக்க நேர்ந்தால் விலையைக் கணக்கிடுங்கள்: நடுவில் 40 ராண்டு இருக்க அவர் 20 கட்டினால், நீங்கள் 20 போட்டு மொத்தம் 80ஐ ஜெயிக்கப் பார்க்கிறீர்கள், நான்கில் ஒரு முறையாவது ஜெயிக்க வாய்ப்பிருந்தால் மட்டும் போடலாம்.

2007ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 6,358 பேர் கலந்துகொண்டார்கள். அதில் ஜொகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ரேமண்ட் ராமி மூன்றாம் இடம் பிடித்தது இங்கே பலரைப் போக்கரின் பக்கம் திருப்பியது. அந்த ஆண்டு வென்ற ஜெர்ரி யாங், ஒன்பது பேர் இருந்த இறுதி மேசையில் சில்லுக் கணக்கில் எட்டாம் இடத்தில் தொடங்கி, ஏற்றி ஏற்றியே மற்றவர்களை வெளியேற்றினார். அதைப் பார்த்துவிட்டு வந்து கொட்டகையில் அப்படியே ஆடுபவர்களுக்கு ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். போட்டியில் பிளைண்டுகள் ஏறிக்கொண்டே போகும், காத்திருந்தால் சில்லுகள் தாமாகவே கரையும், அங்கே வேகம் கட்டாயம். நம் மேசையில் பிளைண்டு இரவு முழுவதும் 2 ராண்டுதான். பொறுமைக்கு இங்கே விலை மலிவு.

பயிற்சிக்கு நான்கு சனிக்கிழமை ஒதுக்குங்கள். முதல் வாரம் ஒரே விதி: வெறும் 2 ராண்டோடு நுழையக் கூடாது; ஏற்ற வேண்டும் அல்லது கவிழ்க்க வேண்டும். இரண்டாம் வாரம் அதனோடு இடத்தைக் கவனியுங்கள். மூன்றாம் வாரம் ஃப்ளாப்பில் ஒற்றை எதிரி இருக்கும்போது பாதி நடுப்பணம் கட்டிப் பாருங்கள். எத்தனை பேர் விலகினார்கள் என்று எண்ணுங்கள், மூன்றுக்கு ஒன்றைவிடக் கூடுதலா குறைவா என்பது உங்கள் மேசையைப் பற்றி உங்களுக்கே சொல்லிவிடும். நான்காம் வாரம் நல்ல கைகளுக்கு மூன்று சுற்றும் விடாமல் கட்டுங்கள். வீடு திரும்பியதும் தூங்கும் முன், பெரிய தொகை கைமாறிய ஐந்து கைகளை ஒரு நோட்டில் எழுதி, நீங்கள் பின்தொடர்ந்த இடங்களை மட்டும் அடிக்கோடிட்டு, அங்கே ஏற்றியிருக்கலாமா, கவிழ்த்திருக்கலாமா என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அடிக்கோடுகள் பாதியாகக் குறைந்திருந்தாலும் பெரிய மேசைக்கு உடனே தாவ வேண்டாம்; இன்னொரு மாதம் அதே 2 ராண்டு பிளைண்டிலேயே ஆடிவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.